ஐம்பது டிகிரி வெயிலில் ஒரு போர்ஷே

வளைகுடா நாடுகளில் ஒரு போர்ஷே 911 கோடையில் கொதித்து வழியில் நின்றுவிட்டால், எல்லோரும் முதலில் வெயிலைத்தான் குறை சொல்வார்கள். ஐரோப்பாவின் குளிருக்கென்று செய்த வண்டி பாலைவனத்துக்கு எப்படித் தாங்கும் என்பது அங்கே ஊறிப்போன பேச்சு. அதில் உண்மை பாதிகூட இல்லை. இந்த வண்டிகளைச் செய்கிறவர்கள் அவற்றைச் சூட்டில் ஓட்டிப் பார்க்காமல் விற்பதில்லை. அமெரிக்காவின் டெத் வேலியிலும் தென்னாப்பிரிக்காவின் அப்பிங்டனிலும் கோடைச் சோதனை ஓட்டம் நடத்துவது ஐரோப்பியக் கார் நிறுவனங்களுக்கு வாடிக்கையான வேலை. புதிதாக வாங்கிய வண்டி 45 டிகிரியில், ஏசி முழு வேகத்தில் ஓட, துபாயின் ஷேக் சாயித் சாலை நெரிசலில் நின்றாலும் தாங்கும். தாங்காமல் போவது ஏழெட்டு வருடம் கடந்த வண்டிதான். தொழிற்சாலை கொடுத்த உபரித் திறன் அழுக்காலும் தப்பான தண்ணீராலும் முதிர்ந்த பிளாஸ்டிக்காலும் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்திருக்கும். குளிர் நாட்டில் அந்தக் கரைவு வெளியே தெரியாது. வெப்ப நாட்டில் ஒரே மத்தியானத்தில் தெரிந்துவிடும். ஆகவே வெப்ப நாட்டுப் பராமரிப்பு என்பது இன்னும் பெரிய ரேடியேட்டர் தேடுவதல்ல, முதல் நாள் இருந்த உபரியை இழக்காமல் காப்பது என்றே நான் நினைக்கிறேன். அதற்கான காரணங்களை ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

முதலில் வெயில் உண்மையில் என்ன செய்கிறது என்று கணக்குப் போட்டுவிடுவோம். பெட்ரோல் என்ஜினில் எரியும் எரிபொருளின் ஆற்றலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் வண்டியை ஓட்டுகிறது. இன்னொரு பங்கு புகையோடு போய்விடுகிறது. மிச்சத்தில் பெரும்பகுதி கூலன்ட் வழியாக ரேடியேட்டருக்கு வந்து காற்றில் கலக்க வேண்டும். எவ்வளவு வெப்பம் அப்படிக் கலக்கும் என்பது கூலன்ட்டின் சூட்டுக்கும் காற்றின் சூட்டுக்கும் உள்ள இடைவெளியைப் பொறுத்தது. கூலன்ட் 100 டிகிரி, காற்று 20 டிகிரி என்றால் இடைவெளி 80. காற்று 45 டிகிரி ஆகும்போது இடைவெளி 55. ரேடியேட்டர் அதேதான், ஃபேனும் அதேதான், ஆனால் வெளியேறும் வெப்பத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது. போதாததற்குச் சூடான காற்று லேசானது. 20 டிகிரிக் காற்றைவிட 45 டிகிரிக் காற்றின் அடர்த்தி சுமார் 8 சதவீதம் குறைவு. ஃபேன் அதே வேகத்தில் சுற்றினாலும் தள்ளிவிடும் காற்றின் எடை குறைந்துவிடும்.

குவைத்தின் மித்ரிபா நிலையத்தில் 2016 ஜூலை 21 அன்று பதிவான 53.9 டிகிரியை உலக வானிலை அமைப்பு ஏற்றுக்கொண்டிருக்கிறது. அது நிழலில், தரையிலிருந்து ஆள் உயரத்தில் அளந்த சூடு. ஸ்போர்ட்ஸ் காரின் மூக்கோ தரையிலிருந்து ஒரு சாணுக்குச் சற்று மேலேதான் இருக்கிறது. கோடை மத்தியானத்தில் தார்ச்சாலையின் மேற்பரப்பு காற்றைவிட 20 டிகிரிக்கும் மேல் சூடாகக் கிடக்கும். நெரிசலில் நிற்கும் வண்டி மூச்சிழுப்பது அந்தத் தாருக்கு மேலே தவழும் காற்றையும், முன்னால் நிற்கும் வண்டி வெளியே தள்ளும் காற்றையும்தான். உயரமான ஜீப்புக்கு இல்லாத சிரமம் இது. இதோடு ஏசி சேர்கிறது. ஏசியின் கண்டன்சர் ரேடியேட்டருக்கு முன்னால் உட்கார்ந்திருப்பதால், காரின் உள்ளே இருந்து எடுத்த வெப்பத்தையெல்லாம் ரேடியேட்டருக்குப் போகும் காற்றில்தான் கொட்டுகிறது. ஆகஸ்ட் மாதத் துபாயில் காற்றில் ஈரமும் அதிகம். அந்த ஈரத்தை நீராக்கி வடிக்கவே ஏசி பாதி உழைக்கிறது, அந்த உழைப்பின் வெப்பமும் இங்கேதான் வந்து சேரும். டெத் வேலியின் செங்குத்தான ஏற்றங்களில், என்ஜின் கொதிக்காமல் இருக்க ஏசியை அணைக்கச் சொல்லிச் சாலையோரப் பலகை வைத்திருப்பது இதனால்தான்.

911-ஐ எடுத்துக்காட்டாக எடுப்பதற்குக் காரணம் உண்டு. 1960-களின் நடுவிலிருந்து 1998 வரை இந்த வண்டி காற்றாலும் எண்ணெயாலும் குளிர்ந்த என்ஜினோடு ஓடியது. 1997-ல் வந்த 996 தலைமுறையில்தான் 911 தண்ணீருக்கு மாறியது. என்ஜினை வழக்கம்போலப் பின்னால் வைத்துவிட்டு, ரேடியேட்டர்களை முன் பம்பரின் இரண்டு ஓரங்களிலும், முன் சக்கரங்களுக்கு முன்னால் பொருத்தினார்கள். டர்போ, ஜிடி3 போன்ற வேக வகைகளில் நடுவில் மூன்றாவதாக ஒன்று உண்டு. கூலன்ட் பின்னாலிருந்து வண்டியின் அடிவயிறு வழியாக முன்னால் போய், குளிர்ந்து, மறுபடி பின்னால் வர வேண்டும். மொத்தக் கொள்ளளவு 20 லிட்டருக்கு மேல். சாதாரணக் குடும்பக் காரில் அது ஆறேழு லிட்டர்தான். இத்தனை நீளக் குழாய், இத்தனை இணைப்பு, தரைக்கு இவ்வளவு பக்கத்தில் இரண்டு வாய். வேகத்துக்கும் எடைப் பங்கீட்டுக்கும் நல்ல அமைப்பு. பராமரிக்காதவரை இது தண்டிக்கும்.

அந்த வாய்களில் என்ன நடக்கிறது என்று ஒருமுறை நேரில் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். துபாயின் அல் கூஸ் பகுதியில் இந்த வண்டிகளை மட்டுமே பார்க்கும் கராஜ்கள் பல இருக்கின்றன. அவற்றில் தமிழும் மலையாளமும் பேசும் மெக்கானிக்குகள் நிறைய. அப்படி ஒரு கராஜில், ஏசி சரியாகக் குளிரவில்லை என்று வந்த ஒரு 997-ஐ, 996-க்கு அடுத்த தலைமுறை வண்டியை, பார்த்தேன். வெளியிலிருந்து டார்ச் அடித்துப் பார்த்தால் கண்டன்சர் சுத்தமாகத்தான் தெரிந்தது. "பம்பரைக் கழட்டினாத்தான்ணே நெசம் தெரியும்" என்றார் அங்கிருந்த தம்பி. பம்பர் இறங்கியதும் கண்டன்சரைப் பிடித்திருந்த திருகுகளைத் தளர்த்தி, அதை ஒரு விரற்கடை முன்னால் சாய்த்தார். அதற்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் இருந்த சந்தில், அடியிலிருந்து பாதி உயரம் வரை ஒரு பாளம். காஃப் மரத்தின் பொடி இலைகள், பேரீச்சை நார், பூச்சிச் சிறகுகள், சிகரெட் துண்டுகள், ஒரு பிளாஸ்டிக் பையின் கிழிசல், இவற்றையெல்லாம் ஒட்டிவைத்த மாவுபோன்ற மணல். கையால் தொட்டால் உதிரவில்லை. இரவின் ஈரத்தில் நனைந்து பகலின் சூட்டில் காய்ந்து அப்படி இறுகியிருந்தது. விரலால் நெம்பியபோது தட்டையாகப் பெயர்ந்து வந்தது. அந்தப் பக்கத்து ரேடியேட்டரில் பாதிக்குக் காற்றே போயிருக்காது.

அவர் வேலை செய்த விதமும் கவனிக்க வேண்டியது. பெரிய குப்பையைக் கையாலும் மென்மையான தூரிகையாலும் எடுத்தார். பிறகு, தோட்டத்துக்குத் தண்ணீர் விடுகிற அளவு அழுத்தத்தில், பின்பக்கத்திலிருந்து முன்பக்கமாகத் தண்ணீர் விட்டார், குப்பை வந்த வழியே திரும்பிப் போகும்படி. கார் கழுவும் உயர் அழுத்தப் பீச்சானை அருகில்கூடக் கொண்டுவரவில்லை. ரேடியேட்டரின் இதழ்கள் தாள் கனத்து அலுமினியம். பீச்சான் பட்டால் மடங்கிவிடும், மடங்கிய இதழ் அழுக்கு இல்லாமலேயே காற்றை அடைக்கும். பம்பரைக் கழற்றாமல் முன்னாலிருந்து பீச்சியடிப்பவர்கள், குப்பையை இன்னும் உள்ளே இறுக்குவதைத் தவிர எதுவும் செய்வதில்லை. மறுபடி பூட்டும்போது, காற்றை ரேடியேட்டருக்குள் திருப்பிவிடும் பிளாஸ்டிக் வழிகளையும் அடித்தட்டையும் ஒரு கிளிப் விடாமல் மாட்டினார். பல கராஜ்களில் இவற்றைத் தேவையில்லாத பிளாஸ்டிக் என்று ஒதுக்கிவிடுகிறார்கள். காற்றுக்கு எளிதான வழி கிடைத்தால் அது இதழ்களுக்குள் நுழையாமல் பக்கவாட்டில் நழுவிவிடும்.

வெப்ப நாட்டில் 911 ஓட்டுபவர் வருடத்துக்கு ஒரே ஒரு வேலைதான் செய்வார் என்றால், கோடைக்கு முன் இதைச் செய்யட்டும். தெர்மோஸ்டாட், சேர்மங்கள், விலையுயர்ந்த கூலன்ட் என்று வரும் எல்லா ஆலோசனைகளையும் விட இதன் பலன் பெரிது. கடலோர நகரங்களில் உப்புக் காற்றும் சேர்ந்து, ஈரக் குப்பைக்கு அடியில் கண்டன்சரை அரித்து ஓட்டையாக்குகிறது. சுத்தம் செய்வதால் அந்தச் செலவும் தள்ளிப்போகும்.

அடுத்தது ஃபேன். சாலையில் ஓடும்போது காற்று தானாக வருகிறது. நிற்கும்போது ஃபேன்கள்தான் எல்லாம். 996, 997 வண்டிகளில் ஃபேனுக்கு இரண்டு வேகம் உண்டு. மெதுவான வேகத்துக்கு ஒரு ரெசிஸ்டர் வழியாக மின்சாரம் போகிறது. காலப்போக்கில் அந்த ரெசிஸ்டர் எரிந்துவிடும். அதன்பின் மெதுவேகம் இல்லை, கூலன்ட் நன்றாகச் சூடான பிறகே ஃபேன் முழு வேகத்தில் பாயும். ஃபேன் சுற்றுகிற சத்தம் கேட்பதால் உரிமையாளர் எல்லாம் சரியாக இருப்பதாக நினைக்கிறார். சோதிப்பது எளிது. என்ஜின் ஓடும்போது ஏசியைப் போட்டால் இரண்டு பக்க ஃபேனும் மெதுவேகத்தில் சுற்ற வேண்டும். ஒரு பக்கம் சுற்றி மறுபக்கம் சும்மா இருந்தால் அங்கே பழுது.

கூலன்ட் விஷயத்தில்தான் கருத்து வேறுபாடுகள் அதிகம், தவறான நம்பிக்கைகளும் அதிகம். எத்திலீன் கிளைக்காலும் தண்ணீரும் சரிபாதி கலந்தால் உறைநிலை மைனஸ் 37 டிகிரி, திறந்த பாத்திரத்தில் கொதிநிலை சுமார் 107. கொதிநிலை உயர்கிறது என்பதால், வெயில் நாட்டில் கிளைக்காலை இன்னும் கூட்டினால் நல்லது என்று நினைக்கிறார்கள். அது தப்பு. கொதிநிலையைப் பெரிதும் உயர்த்துவது கூலன்ட் டேங்க் மூடி தாங்கிப்பிடிக்கும் அழுத்தம்தான். வெறும் தண்ணீரே வளிமண்டலத்துக்கு மேல் 1 பார் அழுத்தத்தில் 120 டிகிரியில்தான் கொதிக்கும். கிளைக்காலோ வெப்பத்தைச் சுமப்பதில் தண்ணீருக்குக் கீழே. சரிபாதிக் கலவை, லிட்டருக்கு லிட்டர், தண்ணீரைவிட 10 முதல் 15 சதவீதம் குறைவான வெப்பத்தையே தூக்கிச் செல்லும். கிளைக்கால் கூடினால் கலவை தடித்து ஓட்டமும் மந்தப்படும்.

எதிர்த்தரப்பில், பனியே பெய்யாத ஊரில் கிளைக்கால் எதற்கு, தண்ணீரே போதும் என்பவர்கள் இருக்கிறார்கள். கூலன்ட் டப்பாவில் வருவது உறையாமல் காக்கும் பொருள் மட்டுமல்ல. அலுமினியத்தை அரிப்பிலிருந்து காக்கும் சேர்மங்களும் அதில்தான் இருக்கின்றன. டப்பாத் திரவம் மூன்றில் ஒரு பங்குக்குக் கீழே போனால் அந்தக் காப்பு போதாது. அலுமினியப் பிளாக், அலுமினிய ஹெட், அலுமினிய ரேடியேட்டர் என்று இருக்கும் வண்டியில் வெறும் தண்ணீர் ஊற்றுவது சில வருடங்களில் உள்ளிருந்து அரிக்கும் வேலை. நாற்பதிலிருந்து ஐம்பது சதவீதத்துக்குள் வைத்துக்கொள்வதே வளைகுடாவுக்குப் பொருத்தம் என்பது என் முடிவு. ஒரு சொட்டுக் கூலன்ட்டை ரிஃப்ராக்டோமீட்டரில் வைத்துப் பார்த்தால் விகிதம் உடனே தெரியும். இந்தக் கருவி இல்லாத கராஜில் ஸ்போர்ட்ஸ் காரை விடுவதற்கு யோசிக்க வேண்டும்.

எந்தக் கூலன்ட் என்பதில் நிறத்தை நம்பவே கூடாது. நிறம் வெறும் சாயம், நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். உள்ளே இருக்கும் காப்புச் சேர்மம்தான் முக்கியம். ஐரோப்பியத் தயாரிப்பாளர்கள் பாஸ்பேட்டைத் தவிர்க்கிறார்கள், கடினத் தண்ணீரின் சுண்ணாம்போடு சேர்ந்து அது படிவாகிவிடும் என்பதால். ஜப்பானியர்கள் சிலிக்கேட்டைத் தவிர்த்து பாஸ்பேட்டைப் பயன்படுத்துகிறார்கள், வாட்டர் பம்ப் சீல் தேயும் என்ற கவலையால். இரண்டு வழியும் தனித்தனியாக நல்லவை. இரண்டையும் கலந்தால் ஒன்றின் காப்பை மற்றொன்று கெடுக்கும், மோசமான கலவையில் பசைபோலத் திரண்டும் விடும். டொயோட்டாவுக்கு வைத்திருந்த டப்பாவிலிருந்து அரை லிட்டர் போர்ஷேயில் ஊற்றுவது, அவசரத்துக்குக் கொஞ்சம் தண்ணீர் ஊற்றுவதைவிட மோசமான காரியம்.

அந்தத் தண்ணீரும் கனிமம் நீக்கிய தண்ணீராக இருக்க வேண்டும். வளைகுடாவின் குழாய்த் தண்ணீர் கடலிலிருந்து உப்பு நீக்கியது என்பதால் சுத்தம் என்று சிலர் வாதிடுகிறார்கள். ஆனால் குடிப்பதற்கேற்ப அதில் மறுபடி கனிமங்களும் குளோரினும் சேர்த்துத்தான் வீட்டுக்கு அனுப்புகிறார்கள். சென்னையின் போர்வெல் தண்ணீரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், வாளியின் அடியில் வெள்ளையாகப் படிவது ரேடியேட்டரின் நுண்குழாயிலும் படியும். பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் எங்கும் கிடைக்கிறது, விலையும் அற்பம்.

கூலன்ட்டை எப்போது மாற்றுவது? இதை ஆயுள் முழுக்க மாற்றவே வேண்டாம் என்று சொல்லப்பட்ட காலம் உண்டு. அது யாருடைய ஆயுள் என்று கேட்க வேண்டியிருக்கிறது. காப்புச் சேர்மங்கள் சூட்டில் வேகமாகச் செலவாகும். வெப்ப நாட்டில் மூன்று, மிஞ்சினால் நான்கு வருடத்துக்கு ஒருமுறை முழுக்க வடித்து மாற்றுவது சரியென்று நினைக்கிறேன். மாற்றும் முறையில் ஒரு கண்டிப்பு தேவை. பின்னால் என்ஜின், முன்னால் ரேடியேட்டர், நடுவில் நீளக் குழாய்கள் என்ற அமைப்பில் மேலிருந்து ஊற்றி நிரப்பினால் எங்கேயாவது காற்றுக் குமிழ் மாட்டிக்கொள்ளும். குமிழ் இருக்கும் இடத்தில் குளிர்ச்சி இல்லை. முதலில் கருவி வைத்து உள்ளிருக்கும் காற்றை உறிஞ்சி எடுத்து, அந்த வெற்றிடமே கூலன்ட்டை இழுத்துக்கொள்ளும்படி நிரப்ப வேண்டும். வெற்றிடம் சில நிமிடம் நிலைத்து நின்றால் கசிவு இல்லை என்பதும் அப்போதே உறுதியாகிவிடும்.

வாட்டர் பம்பும் தெர்மோஸ்டாட்டும் ஒன்றாகப் பேசப்பட வேண்டியவை, ஒன்றை மாற்றும்போது மற்றதையும் மாற்றுவது சிக்கனம் என்பதால். 996 காலத்துப் பம்பின் உள்சக்கரம் பிளாஸ்டிக் வகைப் பொருளால் ஆனது. முதிர்ந்தால் அதன் இதழ்கள் உடைந்து, துண்டுகள் கூலன்ட்டோடு போய் என்ஜினின் குறுகலான வழிகளில் சிக்கும். உலோகச் சக்கரம் வைத்த பம்ப் சந்தையில் கிடைக்கிறது. அதற்கும் எதிர்வாதம் உண்டு. பம்பின் பேரிங் தேய்ந்து அச்சு ஆடத் தொடங்கினால், உலோகச் சக்கரம் என்ஜின் பிளாக்கையே உரசி வெட்டிவிடும், பிளாக்கைவிடப் பம்ப் மலிவு என்கிறார்கள். நான் இந்தப் பக்கம்தான். தொழிற்சாலைப் பம்பையே போட்டு, கெட்டுப்போகக் காத்திராமல் ஐந்தாறு வருடத்தில் மாற்றிவிடுவது மேல்.

தெர்மோஸ்டாட் விவகாரம் இன்னும் சூடானது. தொழிற்சாலைத் தெர்மோஸ்டாட் 83 டிகிரியில் திறக்கத் தொடங்குகிறது. 71 டிகிரியில் திறக்கும் ஒன்றைப் போட்டால் என்ஜின் குளிர்ச்சியாக ஓடும் என்று பலரும் மாற்றிக்கொள்கிறார்கள். மிதமான ஓட்டத்தில் கூலன்ட்டின் சூடு சில டிகிரி குறையும், எண்ணெயும் கொஞ்சம் நிம்மதியாக இருக்கும், இதை மறுக்க முடியாது. ஆனால் தெர்மோஸ்டாட் தீர்மானிப்பது என்ஜினின் கீழ்வரம்பை. ஜூலை நெரிசலில் கூலன்ட் 105 டிகிரியைத் தாண்டியிருக்கும்போது இரண்டு தெர்மோஸ்டாட்டும் முழுக்கத் திறந்தே கிடக்கும். அப்போது வெப்பத்தை வெளியேற்றும் திறன் இரண்டிலும் ஒன்றுதான். அடைத்த ரேடியேட்டரை இது திறந்துவிடாது. சுத்தமான அமைப்புக்கு மேலே கூடுதலாகப் போட்டுக்கொள்வதில் குற்றமில்லை, சுத்தம் செய்வதற்குப் பதிலாகப் போடுவதுதான் ஏமாற்றம்.

இனி வருவது, இந்த வண்டிகளின் மேல் அக்கறை உள்ள யாரையும் தூங்கவிடாத விஷயம். 996, 997 தலைமுறைகளின் ஜிடி2, ஜிடி3 வண்டிகளிலும், 997-ன் பிற்கால டர்போ நீங்கலாக மற்ற டர்போக்களிலும் இருந்தது வேறொரு என்ஜின். ஹான்ஸ் மெட்ஸ்கர் என்ற பொறியாளரின் பெயரால் அறியப்படுவது, 1998-ல் லெ மான் பந்தயத்தை வென்ற ஜிடி1 வண்டியின் வழியில் வந்தது. உறுதிக்குப் பேர்போன அந்த என்ஜினில், கூலன்ட் குழாய் முனைகளை அலுமினிய உறைக்குள் பசை வைத்து ஒட்டியிருந்தார்கள். வருடக்கணக்காகச் சூடேறியும் ஆறியும் அந்தப் பசை விட்டுப்போகிறது. விட்டால் சொட்டுச் சொட்டாகக் கசியாமல் முனை மொத்தமாகக் கழன்று வருவதும் உண்டு. அழுத்தத்தில் இருக்கும் கூலன்ட் சில நொடிகளில் பின் டயர்களுக்கு அடியில் கொட்டும். அந்த நேரத்தில் வண்டி வளைவில் வேகமாகப் போய்க்கொண்டிருந்தால், சேதம் என்ஜினோடு நிற்காது. என்ஜினை இறக்கி, முனைகளைக் கழற்றி வெல்டிங் செய்வது அல்லது திருகாணி போட்டுப் பூட்டுவதுதான் தீர்வு. பந்தயத் தடத்தில் ஓட்டுகிறவர்கள் இதை முதலில் செய்துவிடுகிறார்கள். பசையின் முதுமைக்குக் காரணம் பந்தயத் தடம் இல்லை, சூடு. ஆகவே வெப்ப நாட்டில் சாதாரணச் சாலையில் ஓடும் வண்டிக்கும் இது வேண்டும். பசையை நம்பியதன் விலையை மற்றவர்களும் கொடுத்திருக்கிறார்கள். 2010-ல் ஃபெராரி 458 வண்டிகள் சில தீப்பிடித்தபோது காரணமாகக் கண்டது, சக்கரக் குடைவின் வெப்பத் தடுப்பில் பயன்படுத்திய பசை சூட்டில் தளர்ந்து பற்றியதுதான். வண்டிகளைத் திரும்ப அழைத்து, பசைக்குப் பதில் உலோகப் பிணைப்புகளைப் போட்டுக் கொடுத்தார்கள். போர்ஷேயின் முதல் தலைமுறைக் கயேன் வி8 வண்டிகளில் என்ஜினின் மேலே ஓடிய பிளாஸ்டிக் கூலன்ட் குழாய்கள் வெடித்து, பின்னர் அலுமினியக் குழாய்கள் வந்ததும் இதே வகைக் கதை.

பசையும் பிளாஸ்டிக்கும் ரப்பரும் கிலோமீட்டரால் முதிர்வதில்லை, காலத்தாலும் சூட்டாலும் முதிர்கின்றன. பத்து டிகிரி கூடினால் வேதிவினையின் வேகம் ஏறத்தாழ இரட்டிக்கும் என்று வேதியியலில் ஒரு தோராய விதி உண்டு. அதை வைத்துப் பார்த்தால், வளைகுடாவில் ஓட்டாமல் வெயிலில் நிறுத்திய வண்டிக்கும் வயதாகிக்கொண்டுதான் இருக்கிறது. அங்கே பழைய ஸ்போர்ட்ஸ் கார் விளம்பரங்களில் பெருமையாக எழுதுவது குறைந்த கிலோமீட்டரை. பத்து வருடத்தில் 25,000 கிலோமீட்டர் என்றால் வாங்குகிறவர் மகிழ்ந்துபோகிறார். உண்மையில் அந்த வண்டியில் முதல் நாள் போட்ட ஹோஸ், முதல் நாள் டேங்க், முதல் நாள் கூலன்ட் எல்லாம் அப்படியே இருக்க வாய்ப்பு அதிகம், கிலோமீட்டர் கணக்கில் போடும் சர்வீஸ் எதுவும் அதற்கு வராததால். எக்ஸ்பான்ஷன் டேங்க் மஞ்சளித்துத் தையலோரம் மயிரிழையாய் வெடித்திருக்கும். ஹோஸின் வெளிப்பக்கம் பளபளப்பாகவே இருக்கும், விரிசல் உள்பக்கத்தில் கிளாம்ப் பக்கத்திலிருந்து தொடங்கும். அந்த இடத்தை விரலால் அழுத்திப் பார்த்தால் நடுப்பகுதியைவிடத் தொளதொளவென்று தெரியும். மூடியின் ரப்பர் வளையம் இறுகிப்போயிருந்தால் அழுத்தம் நிற்காது, அழுத்தம் நிற்காவிட்டால் கொதிநிலை இறங்கிவிடும். மூடி மலிவானது, சந்தேகம் வந்தாலே மாற்றலாம்.

வாங்கும்போது இன்னொரு கேள்வி, வண்டி ஜிசிசி ஸ்பெக்கா, இறக்குமதியா என்பது. வளைகுடாவுக்கென்று விற்ற வண்டிகளில் குளிர்விப்பும் ஏசியும் அந்த வெயிலுக்கேற்பப் பலப்படுத்தியிருக்கும் என்ற நம்பிக்கையால் அவற்றுக்கு விலை அதிகம். சில மாடல்களில் வித்தியாசம் உண்மையானது, சிலவற்றில் சொற்பம். அமெரிக்க வண்டி என்பதற்காகவே ஒன்றை ஒதுக்க வேண்டியதில்லை, அரிசோனாவிலும் வெயில்தான். பயப்பட வேண்டியது, அங்கே முன்பக்கம் அடிபட்டு ஏலத்தில் போன வண்டியை இங்கே கொண்டுவந்து பெயின்ட் அடித்து விற்பதற்கு. அடிபட்ட முன்பக்கத்தில்தான் ரேடியேட்டர், கண்டன்சர், காற்று வழிகள் எல்லாம் இருந்தன. மாற்றாகப் போட்டது எது, போடாமல் விட்டது எது என்பது பம்பரைக் கழற்றாமல் தெரியாது.

ஓட்டும்போது முள்ளை மட்டும் நம்பி இருக்க முடியாது. பல நவீனக் கார்களில் சூடு காட்டும் முள்ளை, சாதாரண ஏற்ற இறக்கத்துக்கு அசையாமல் நடுவிலேயே நிற்கும்படி அமைத்திருக்கிறார்கள். ஓட்டுநர் வீணாகப் பதறக் கூடாது என்பது நோக்கம். அது அசையத் தொடங்கும்போது எச்சரிக்கைக்கான நேரம் பெரும்பாலும் முடிந்திருக்கும். வண்டியின் பழுதறியும் ஓபிடி முனையில் ஒரு சிறு கருவியை மாட்டிப் போனில் உண்மையான டிகிரியைப் பார்ப்பது நல்ல பழக்கம். போன கோடையில் இதே சாலையில் இதே நேரத்தில் 98 காட்டியது இப்போது 106 காட்டினால், எதுவோ அடைகிறது என்று அர்த்தம். சூடு ஏறிவிட்டால் ஏசியை அணைத்து, ஹீட்டரை முழு வேகத்தில் வைக்க வேண்டும். 50 டிகிரியில் அது கொடுமைதான், ஆனால் ஹீட்டரும் ஒரு சின்ன ரேடியேட்டர். கூலன்ட் அளவு சரியாக இருந்தால் ஓரமாக நிறுத்தி என்ஜினைச் சும்மா ஓடவிடலாம், ஃபேனும் பம்பும் வேலை செய்யட்டும். கூலன்ட் குறைந்த விளக்கு எரிந்தாலோ அடியில் கொட்டியிருந்தாலோ உடனே அணைக்க வேண்டும். மூடியை மட்டும் திறக்கவே கூடாது. 110 டிகிரியில் அழுத்தத்தால் அடங்கியிருக்கும் திரவம், அழுத்தம் விட்ட நொடியில் ஆவியாகிப் பீச்சும். கையையும் முகத்தையும் வேகவைத்துக்கொண்டவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள்.

டர்போ வண்டிக்கு ஏற்றத்துக்குப் பிறகு ஒரு கவனம் வேண்டும். அல் ஐனில் ஜபல் ஹபீத் மலைச்சாலை 12 கிலோமீட்டருக்குப் பக்கம் ஏறுகிறது, விடுமுறை இரவுகளில் அங்கே ஸ்போர்ட்ஸ் கார்கள் வரிசை கட்டும். உச்சிக்கு விரட்டி ஏறி, வண்டி நிறுத்துமிடத்தில் டக்கென்று அணைத்துவிட்டு ஊரைப் பார்க்கப் போகிறார்கள். பல வண்டிகளில் அணைத்த பிறகும் கூலன்ட்டைச் சுற்றவிடும் மின் பம்ப் உண்டு, ஆனாலும் கடைசி ஒன்றிரண்டு கிலோமீட்டரை மெதுவாக ஓட்டி வருவது டர்போவின் பேரிங்குக்கும் பக்கத்து ஹோஸ்களுக்கும் செய்யும் நன்மை.

தொழிற்சாலையின் உபரியே போதாத இடம் ஒன்று உண்டென்பதையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். அது பந்தயத் தடம். 2015-ல் வந்த கொர்வெட் இசட்06, சூப்பர்சார்ஜர் வைத்த 650 குதிரைத்திறன் வண்டி, வெயில் நாளில் தடத்தில் சில சுற்றுகளிலேயே சூடேறித் திறனைக் குறைத்துக்கொள்கிறது என்று உரிமையாளர்கள் வழக்குப் போடும் அளவுக்குப் போனது. 2017 மாடலில் பானட்டின் காற்றுத் துளைகளைப் பெரிதாக்கினார்கள். துபாய் ஆட்டோட்ரோமில் கோடையில் விரட்ட ஆசைப்படுகிறவர் மூன்றாவது ரேடியேட்டர் சேர்ப்பது, எண்ணெய்க் குளிர்விப்பானைப் பெரிதாக்குவது பற்றி யோசிப்பதில் நியாயம் இருக்கிறது. அலுவலகத்துக்குப் போய்வருகிறவருக்கு அது வீண் செலவு.

இப்போது வரும் வண்டிகள் கணக்கையே மாற்றுகின்றன. 2024-ல் 911 ஜிடிஎஸ் ஹைப்ரிட் ஆகிவிட்டது. 2019-லேயே போர்ஷேயின் டைக்கான் முழு மின்சாரமாக வந்தது. பெட்ரோல் என்ஜின் 100 டிகிரிக் கூலன்ட்டோடு சௌகரியமாக ஓடும், அதனால் 45 டிகிரிக் காற்றாலும் அதைக் குளிர்விக்க முடிந்தது. பேட்டரி விரும்புவதோ 20-லிருந்து 40 டிகிரிக்குள். வெளியே காற்றே 45 என்றால் எவ்வளவு பெரிய ரேடியேட்டராலும் பேட்டரியை அதற்குக் கீழே கொண்டுவர முடியாது. ஏசியின் குளிர்வாயுவைக் கொண்டுதான் பேட்டரியின் கூலன்ட்டைக் குளிர்விக்கிறார்கள். மலையேறி வந்த வண்டி வேகச் சார்ஜரில் நிற்கும்போது, உள்ளே ஆளே இல்லாவிட்டாலும் ஏசி முழுத் திறனில் ஓடுவது இதற்காகத்தான். இதுவரை கண்டன்சர் அடைந்தால் உட்கார்ந்திருப்பவருக்கு வியர்க்கும். இனி அது அடைந்தால் பேட்டரி சூடாகும், சார்ஜ் ஏறும் வேகம் குறையும், திறனும் குறையும். ஆனால் சர்வீஸ் பட்டியல்களில் கண்டன்சர் சுத்தம் இன்னும் ஏசி கோளாறு வந்தால் பார்க்கும் வேலையாகவே இருக்கிறது. வளைகுடாவில் விற்கும் மின்சார ஸ்போர்ட்ஸ் காரின் வருடாந்தரச் சர்வீஸில் அதைக் கட்டாயமாக்க வேண்டும், மார்ச் மாதத்துக்குள், பம்பரைக் கழற்றி.